வீட்டார் வைத்த கல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



இந்த அறக்கட்டளை 1971ஆம் ஆண்டுப் போரில் உயிர்நீத்த ஒருவர் நினைவாக அவருடைய தங்கை ஏற்படுத்தியது. பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துச் சேர்த்த பணம் அது. எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம், போரைப் பற்றித்தான் பேசவேண்டும் என்றில்லை என்று அம்மையார் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது வேறெதையும் எடுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு கருத்து. போரில் இறந்தவனுக்குக் கல் எடுப்பது ஒரு காலத்தில் அவனைச் சேர்ந்தவர்கள் கடமையாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் அந்தக் கடமையை அரசு எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டதில் நியாயம் இருந்தது. ஆனால் அரசு வைக்கும் கல்லுக்கு ஒரு வரம்பு உண்டு: அவன் எந்தப் படை, எந்த நாள், எந்த இடம் என்று அது சொல்லும், அவன் ஏன் போனான், யார் அனுப்பினார்கள், அனுப்பியவர்கள் பிறகு எப்படி வாழ்ந்தார்கள் என்று சொல்லாது. அந்தப் பகுதி வீட்டார் பொறுப்பிலேயே நின்றுவிட்டது. அதைச் சிலர் எப்படிச் சுமந்தார்கள், நம் நாட்டில் அது என்ன ஆயிற்று என்பதைத்தான் வரிசையாகச் சொல்லப்போகிறேன்.

1. கல் எடுத்தவர்கள்

தொல்காப்பியப் புறத்திணையியல் நடுகல் எடுக்கும் முறையை ஆறு நிலைகளாகச் சொல்வதை இங்குள்ள மாணவர்கள் படித்திருப்பீர்கள்: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். தகுந்த கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி அதை வாழ்த்துவதில் முடிகிறது. ஒரு கல் நிற்க எத்தனை பேர் எத்தனை நாள் சேர்ந்து வேலை செய்யவேண்டும் என்பது அந்த வரிசையிலேயே தெரிகிறது.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ஏறத்தாழ 1,400 ஆண்டுப் பழமை. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கும் சண்டையில் பட்டான் என்று அதன் எழுத்து சொல்கிறது. அவன் யாரைச் சேர்ந்தவன் என்பதும் இருக்கிறது. அருகில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாய்க்கு ஒரு பெயர் உண்டு, கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்து அது காத்து நின்றதும் தனியாக எழுதப்பட்டிருக்கிறது.

அரசன் பெயர் ஆட்சியாண்டைக் குறிக்க மட்டுமே அங்கு வருகிறது. கல்லின் பொருள் முழுவதும் இறந்தவனும் அவனைச் சுற்றி இருந்தவர்களும்தான். அவன் எப்படி வாழ்ந்தான் என்று பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் அவன் நாயின் பெயர் தெரிந்திருக்கும். இந்த ஒரு பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது பகுதியில் இதை அளவுகோலாக எடுக்க வேண்டியிருக்கும். நடுகற்களின் காலத்தை நான் பொற்காலமாக்கிக் காட்டவில்லை. கல் கிடைத்தவன் ஒருவன் என்றால் கிடைக்காமல் மண்ணானவர்கள் பலர் இருந்திருப்பார்கள்.

2. அரசு எடுத்துக்கொண்டது

1915 ஏப்ரலில் பிரான்சில் ஓர் இளம் அதிகாரி கொல்லப்பட்டார். பெயர் வில்லியம் கிளாட்ஸ்டன். பிரிட்டனில் நான்கு முறை பிரதமராக இருந்த கிளாட்ஸ்டனின் பேரன். மன்னரின் அனுமதி பெற்று அவர் உடலை வேல்ஸில் உள்ள சொந்த ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அதே வாரத்தில் அதே மண்ணில் இறந்த சுரங்கத் தொழிலாளியின் மகனுக்கு அந்த வழி கிடையாது. செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளை மட்டும் ஊர் திரும்புவது அநியாயம் என்ற எண்ணம் எழுந்து, அந்த ஆண்டிலேயே உடல்களைத் தாயகம் கொண்டுசெல்லத் தடை வந்தது.

இறந்தவர்களை அரசு பொறுப்பேற்ற வேலைக்கெல்லாம் அச்சாணி ஃபேபியன் வேர். செஞ்சிலுவைச் சங்க வண்டிப் பிரிவு ஒன்றின் தலைவராகப் போர்முனைக்குப் போனவர், கல்லறைகளுக்குக் கணக்கே இல்லாமல் கிடப்பதைக் கண்டு குறிப்பெடுக்கத் தொடங்கினார். அவர் முயற்சியால் 1917 மே 21 அன்று அரச சாசனம் மூலம் பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம் பிறந்தது. இன்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்று பெயர். அதன் விதி எளியது. தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். உயரம் 81 செ.மீ., அகலம் 38 செ.மீ. சென்னை நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் இதே கற்களை வரிசை வரிசையாகப் பார்க்கலாம்.

எதிர்ப்பும் கடுமையாகவே இருந்தது. எக்ஸெட்டர் பேராயரின் மனைவி புளோரன்ஸ் செசில் அம்மையார் மூன்று மகன்களைப் பறிகொடுத்தவர். எங்கள் பிள்ளைகளின் கல்லறையில் எங்கள் விருப்பப்படி சிலுவை வைக்க விடுங்கள் என்று 1919இல் ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்ட மனுவை வேல்ஸ் இளவரசரிடம் கொடுத்தார். 1920 மே மாதம் நாடாளுமன்றத்தில் நீண்ட விவாதம் நடந்தது. ஆணையத்தின் விதியே வென்றது. வீட்டாருக்குக் கல்லின் அடியில் ஓரிடம் மட்டும் விட்டார்கள். அதில் அதிகபட்சம் 66 எழுத்து. எழுத்துக்கு மூன்றரைப் பென்ஸ் கட்டணம். பிறகு அந்தக் கட்டணம் விருப்பமுள்ளவர்கள் கொடுத்தால் போதும் என்றானது. நியூசிலாந்து அரசு அந்த வரியையே தன் வீரர்களின் கற்களில் அனுமதிக்கவில்லை.

அமெரிக்கா வேறு வழியில் போனது. மகனைக் கொண்டுவர வேண்டுமா, அங்கேயே விடவேண்டுமா என்று வீட்டாரையே கேட்டது. சுமார் 46,000 உடல்கள் திரும்பின. 30,000 பேர் அங்கேயே தங்கினார்கள். அங்கே தங்கியவர்களின் தாய்மாரையும் மனைவிமாரையும் 1930 முதல் 1933 வரை அரசுச் செலவில் கல்லறைகளைப் பார்க்க அனுப்பினார்கள். கறுப்பினத் தாய்மாரை மட்டும் தனிக் கப்பலில் ஏற்றினார்கள். அந்த அவமதிப்பைப் பொறுக்காமல் வரமாட்டேன் என்று மறுத்த தாய்மார்கள் உண்டு. மகன் கல்லறையைக் காணக் கிடைத்த ஒரே வாய்ப்பை வேண்டாமென்று சொல்ல எவ்வளவு மனத்திண்மை வேண்டும்!

ஒரே அளவுக் கல் என்ற முடிவு சரியானது என்றே நான் கருதுகிறேன். சாவிலாவது பணக்காரனும் ஏழையும் ஒன்றாக நிற்கட்டும் என்றார்கள். அதே சமயம் செசில் அம்மையாரின் மனுவையும் என்னால் ஒதுக்க முடியவில்லை. மூன்று பிள்ளைகளைக் கேட்டு வாங்கிக்கொண்ட அரசு, மூன்று சிலுவைகளைத் தர மறுத்தது. அந்தத் தாய் இழந்தது மரச் சிலுவையைவிடப் பெரியது. பிள்ளையை அடக்கம் செய்வது தங்கள் உரிமை என்று எல்லா வீட்டாரும் நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கை அன்று போயிற்று.

3. உடல் கிடைக்காத தந்தை

ருட்யார்ட் கிப்ளிங்கின் மகன் ஜான், பார்வைக் குறைவால் படையில் சேரத் தகுதியற்றவர் என்று தள்ளப்பட்டவர். கிப்ளிங் தம் நண்பரான ராபர்ட்ஸ் பிரபுவிடம் பேசினார். ஐரிஷ் கார்ட்ஸ் படைப்பிரிவில் இடம் கிடைத்தது. 18 வயது நிறைந்த ஆகஸ்டில் ஜான் பிரான்ஸ் போனார். 1915 செப்டம்பர் 27 அன்று லூஸ் போரில் காணாமல் போனார். இடையில் ஆறே வாரம். உடல் கிடைக்கவில்லை. கிப்ளிங்கும் மனைவியும் மருத்துவமனை மருத்துவமனையாகப் போய், காயம்பட்டுத் திரும்பிய அந்தப் படைப்பிரிவு வீரர்களைக் கேட்டுக்கேட்டுத் தேடினார்கள்.

1917இல் போர்க் கல்லறை ஆணையத்தில் அவர் உறுப்பினரானார். ஒவ்வொரு பெரிய கல்லறைத் தோட்டத்திலும் நிற்கும் நினைவுக் கல்லில் பொறிக்க விவிலியத்தின் சீராக் நூலிலிருந்து தொடர் எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். அடையாளம் தெரியாதவர்களின் கல்லில் எழுதும் தொடரும் அவர் தந்ததே. இறக்கும்வரை, 1936 வரை, அந்த ஆணையத்துக்காக உழைத்தார். பல்லாயிரம் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கல்லெழுத்துத் தந்தவருக்குத் தம் பிள்ளைக்கென்று கல் வைக்க இடம் தெரியவில்லை.

இதைவிட என்னை நிறுத்தி யோசிக்கவைப்பது வேறொன்று. ஐரிஷ் கார்ட்ஸ் படைப்பிரிவின் போர் வரலாற்றை எழுதும் பொறுப்பை ஏற்று, இரண்டு தொகுதிகளாக 1923இல் வெளியிட்டார். நாட்குறிப்புகள், கடிதங்கள், திரும்பி வந்தவர்களின் வாய்மொழி என்று ஆண்டுக்கணக்காகத் தொகுத்த வேலை. மகன் இறந்த நாளின் சண்டையை விவரிக்கும் இடத்தில், விழுந்த மற்ற அதிகாரிகளின் பெயர்களோடு அவன் பெயரும் ஒன்றாக வருகிறது. காயம்பட்டு, காணாமல் போனார் என்ற அளவோடு எழுத்து நகர்ந்துவிடுகிறது.

ஒரு தந்தை ஏன் அப்படி எழுதவேண்டும்? அடக்கம் என்பார்கள். எனக்கு அதற்கும் மேலாகத் தோன்றுகிறது. அவன் கூட நின்றவர்கள் அத்தனை பேரையும் எழுதி முடிக்காமல் அவனை மட்டும் எழுத உரிமையில்லை என்று அவர் நினைத்திருக்க வேண்டும். தம் செல்வாக்கால் உள்ளே போனவன் அவன். அந்தச் செல்வாக்கை எழுத்திலும் அவனுக்காக ஒருமுறை பயன்படுத்த அவருக்குக் கை வரவில்லை.

1992இல் ஆணையம் ஹைனே அருகே பெயரறியாத ஐரிஷ் கார்ட்ஸ் அதிகாரியின் கல்லொன்றை ஜான் கிப்ளிங்கின் கல் என்று மாற்றியது. அதன்பிறகும் ஆய்வாளர்களிடையே வழக்கு ஓயவில்லை. தந்தை இறந்து அப்போது 56 ஆண்டுகள் ஆகியிருந்தன.

4. பதினெட்டு ஆண்டு செதுக்கிய தாய்

கேத்தே கோல்விட்ஸ் பெர்லினின் தொழிலாளர் குடியிருப்பில் வாழ்ந்த ஓவியர், சிற்பி. கணவர் கார்ல் அந்தப் பகுதி ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர். மகன்கள் இருவர். இளையவன் பீட்டர். 1914 ஆகஸ்டில் தன்விருப்பத்தில் படையில் சேரக் கிளம்பினான். 18 வயதுதான், தகப்பன் கையெழுத்து இல்லாமல் சேர முடியாது. கார்ல் மறுத்தார். பீட்டர் அம்மாவைப் பார்த்தான். அவர் எழுந்து கணவரிடம் பையனுக்காகப் பேசினார். கார்ல் இசைந்தார். அக்டோபர் 22 இரவு பெல்ஜியத்தின் டிக்ஸ்மைட் அருகே பீட்டர் இறந்தான்.

அந்த ஆண்டு முடிவதற்குள் தாய் சிற்பத்துக்குத் திட்டம் போட்டுவிட்டார். மகன் நீட்டிப் படுத்திருக்கிறான், தலைமாட்டில் தந்தை, கால்மாட்டில் தாய். தன்விருப்பத்தில் போன எல்லா இளைஞர்களின் தியாகத்துக்கும் அதை ஹாவெல் ஆற்றங்கரை மேட்டில் நிறுவ நினைத்தார். அப்போது அது ஒரு வீரனின் சிலைதான். நம் நடுகல்லுக்கு உறவு. ஆனால் ஆண்டுகள் போகப்போக அவர் கை ஓடவில்லை. அந்தத் தியாகம் எதற்காக என்ற கேள்விக்கு அவரிடம் விடை மறைந்துகொண்டே வந்தது.

1918 அக்டோபரில் ஜெர்மனி தோல்வியின் விளிம்பில் நின்றபோது, கவிஞர் ரிச்சர்ட் டேமெல் இன்னும் தொண்டர்கள் வேண்டும் என்று அறைகூவினார். கோல்விட்ஸ் பத்திரிகையில் வெளிப்படையாக மறுப்பு எழுதினார். இறந்தவர்கள் போதும், இனி ஒருவரும் சாகவேண்டாம் என்பது அதன் சாரம். நான்கு ஆண்டுகளுக்கு முன் மகனுக்காகக் கணவரிடம் வாதாடிய அதே வாய். மகன் போன வழி தவறென்று சொன்னால் மகனையே கைவிட்டதாகுமோ என்ற வேதனை அவர் நாட்குறிப்பில் மீண்டும் மீண்டும் வருகிறது. போரில் பிள்ளையை இழந்த வீடுகளில் இதுதான் மிகக் கொடிய முடிச்சு என்று நினைக்கிறேன். அவன் உயிர் வீணாயிற்று என்று சொல்ல வாய் எழாது. வீணாகவில்லை என்று சொன்னால் அடுத்தவன் பிள்ளையும் போவான்.

1919இல் பழைய சிற்பத்தைக் கைவிட்டார். இடையில் மரச்செதுக்கு ஓவியங்களாகப் போரை ஏழு படங்களில் செய்தார். 1924 வாக்கில் சிற்பத்துக்குத் திரும்பியபோது அதிலிருந்து மகன் போய்விட்டான். தாயும் தந்தையும் மட்டும், தனித்தனிப் பீடத்தில், மண்டியிட்டு. 1926இல் கணவனும் மனைவியும் பெல்ஜியம் போய் ரோக்கவெல்ட கல்லறையைப் பார்த்து வந்தார்கள். 1932 ஜூலையில் கருங்கல் உருவங்கள் அங்கே நிறுவப்பட்டன. மகன் இறந்து ஏறத்தாழ 18 ஆண்டுகள். அவன் உயிரோடிருந்த ஆண்டுகளும் அவ்வளவுதான்.

அந்த உருவங்களின் முகங்கள் கேத்தே, கார்ல் இருவருடையவை. தந்தை நிமிர்ந்து மண்டியிட்டு, கைகளால் தன்னையே இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். தாய் முன்னால் குனிந்து போர்வைக்குள் ஒடுங்கியிருக்கிறார். இருவருக்கும் நடுவில் இடைவெளி. ஒருவர் மற்றவரைத் தொடவில்லை. மன்னிப்புக் கேட்கும் கோலம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் காண்கிறேன். கையெழுத்துப் போட்டவரும் போடச்சொன்னவரும் மகன் முன்னால் மண்டியிட்டிருக்கிறார்கள். உலகில் எத்தனையோ போர் நினைவுச் சின்னங்கள் உண்டு. அனுப்பியவர்கள் தங்களையே நிறுத்திக்கொண்ட சின்னம் இதைப்போல் நான் வேறொன்று அறியேன்.

புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய தாய் நினைவுக்கு வருகிறாள். முந்தைய நாட்களில் வீட்டு ஆண்களை அடுத்தடுத்துப் போரில் இழந்தும், இன்று பறை கேட்டதும் ஒரே மகனுக்குத் தலைசீவி வேல் கொடுத்து அனுப்புகிறவள். மூதின்முல்லைத் துறையில் வைத்து அந்தத் தாயை ஈராயிரம் ஆண்டுகளாகப் பெருமையோடு பேசி வருகிறோம். பாட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. மகன் திரும்பாத அன்று மாலை அவள் என்ன செய்தாள், அடுத்த ஆண்டு அவன் பிறந்த நாளில் என்ன செய்தாள் என்று நமக்குத் தெரியாது. கோல்விட்ஸின் கல் அந்த வாசலுக்கு உள்ளே நடந்ததைச் சொல்கிறது. மாசாத்தியாரைக் குறைத்து இதைச் சொல்லவில்லை. அவர் தொடங்கிவைத்த கதையின் பிற்பகுதியை வேறொரு நாட்டுத் தாய் எழுதினாள் என்பதற்காகச் சொன்னேன்.

பிற்பாடு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1933இல் நாஜி ஆட்சி அவரைப் பிரஷ்யக் கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றியது. 1940இல் கணவர் காலமானார். மூத்த மகன் ஹான்ஸ் தன் பிள்ளைக்குத் தம்பியின் பெயரையே வைத்திருந்தார். அந்த இரண்டாவது பீட்டரும் 1942இல் ரஷ்யப் போர்முனையில் மாண்டான். 1943இல் பெர்லின் வீடு குண்டுவீச்சில் அழிந்தது. 1945 ஏப்ரல் 22 அன்று, ஐரோப்பாவில் போர் ஓய இரண்டு வாரம் இருக்கையில், அவரும் போனார். 1950களில் கல்லறைகள் விலாட்ஸ்லோ என்ற இடத்துக்கு மாற்றப்பட்டபோது உருவங்களும் கூடவே போயின. இன்று 25,000க்கும் மேற்பட்ட ஜெர்மன் வீரர்கள் அங்கே கிடக்கிறார்கள். தரையில் பதித்த ஒவ்வொரு கல்லிலும் பல பெயர்கள். பீட்டரின் பெயர் பெற்றோர் உருவங்களுக்கு நேர் முன்னால் இருக்கிறது.

1993இல் ஜெர்மன் அரசு, கோல்விட்ஸ் சிறிய அளவில் செய்திருந்த தாயும் இறந்த மகனும் சிற்பத்தை நான்கு மடங்காகப் பெரிதாக்கி, நாட்டின் மைய நினைவிடத்தில் வைத்தது. போருக்கும் கொடுங்கோன்மைக்கும் பலியான எல்லோருக்கும் அது பொது என்றது. கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒரே தாயின் மடியிலா என்று யூத அமைப்புகளும் பிறரும் கேட்டது நியாயமான கேள்வி. ஒரு வீட்டின் துக்கத்தை அரசு கடன் வாங்கினால் அந்தத் துக்கத்திலிருந்த குற்றவுணர்ச்சி வழியிலேயே உதிர்ந்துபோகிறது.

5. பெயருக்குப் பதில் எண்

இதுவரை சொன்ன இரண்டு குடும்பங்களும் எழுதத் தெரிந்தவர்கள், செதுக்கத் தெரிந்தவர்கள். இப்போது நம்மவர்களிடம் வருகிறேன்.

முதல் உலகப் போரில் பத்து லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள். 74,000 பேருக்கு மேல் மடிந்தார்கள். பிரான்சில் நவ் ஷாபெல் என்ற இடத்தில் 1927இல் திறந்த நினைவிடத்தில் கல்லறை தெரியாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் உண்டு. ஐரோப்பியக் கண் படும் இடம் அது. மதராஸ் சாப்பர்கள் உட்பட நம் படைகள் பெருமளவில் போரிட்ட மெசபடோமியாவில், பாஸ்ராவில், 1929இல் வேறொரு நினைவிடம் திறந்தார்கள். 40,000க்கும் மேற்பட்டோருக்கான இடம். அங்கே பிரிட்டிஷ் வீரர்கள் அனைவரின் பெயரும் சுவரில் பொறிக்கப்பட்டது. இந்தியரில் அதிகாரிகளின் பெயர் மட்டும் பொறிக்கப்பட்டது. சிப்பாய்களுக்கு இந்த ரெஜிமென்டில் இத்தனை பேர் என்று எண் போட்டார்கள்.

எல்லோருக்கும் ஒரே கல் என்று நாடாளுமன்றத்தில் வாதாடி வென்ற அதே ஆணையம் செய்த காரியம் இது. 2021இல் ஆணையமே ஒரு விசாரணை அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. 45,000 முதல் 54,000 வரையிலான ஆசிய, ஆப்பிரிக்க வீரர்கள் சமமின்றி நினைவுகூரப்பட்டார்கள். இன்னும் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரிட்டு நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்பது அந்த அறிக்கையின் முடிவு.

கிழக்காப்பிரிக்கக் கடற்கரையில் டாங்கா என்ற ஊர் இருக்கிறது. 1914 நவம்பரில் அங்கே இறங்கித் தோற்ற படையில் 63ஆம் பாளையங்கோட்டை காலாட்படை இருந்தது. 61ஆம் பயனியர் படையும் இருந்தது. அதே போர்முனையில் சுமைதூக்கிகளாக மாண்ட ஆப்பிரிக்கர்களுக்கு நைரோபியிலும் மொம்பாசாவிலும் தார் எஸ் சலாமிலும் சிலைகள் எழுந்தன. அவற்றில் ஒரு பெயரும் கிடையாது.

நம் ஊர்களுக்கு அரசு என்ன தந்தது? இந்த ஊரிலிருந்து 1914-1919 பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிரிழந்தார்கள் என்று பொறித்த சலவைக்கல் பலகை தந்தது. இந்தியாவெங்கும், தமிழ்நாட்டிலும், பழைய கட்டடச் சுவர்களில் இவற்றை இன்றும் காணலாம். அந்தப் பலகைகளில் ஊர் பெயர் இருக்கும், எண் இருக்கும், ஆள் பெயர் இருக்காது. ஒரு நாயின் பெயரைக்கூட விடாமல் 1,400 ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டிவைத்த அதே மண்ணில், ஆளின் பெயரை விட்டுவிட்டு எண்ணை வெட்டினார்கள். அந்த ஊரில் அப்போது எல்லோருக்கும் அவன் யாரென்று தெரியும்; ஆகவே யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். மூன்று தலைமுறை கழிந்தபின் அந்த எண் எவரையும் சுட்டவில்லை.

இன்னொரு கல்லின் கதையும் நமக்குச் சொந்தம். இந்திய தேசிய ராணுவத்தில் மலேயா தோட்டங்களிலிருந்து சேர்ந்தவர்களில் தமிழர்கள் ஏராளம். அவர்களில் மாண்டவர்களுக்காகச் சிங்கப்பூர்க் கடற்கரையில் 1945 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தை, செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷ் படை மவுண்ட்பேட்டன் உத்தரவில் வெடிவைத்துத் தகர்த்தது. வென்றவன் வைத்த கல்லில் எண் இருந்தது. தோற்றவனுக்குக் கல்லே இல்லாமல் ஆக்கினார்கள். இரண்டு பக்கத்திலும் மாண்டவர்களில் தமிழர் இருந்தார்கள். அவர்கள் வீட்டார் தோட்டத்து லயங்களிலும் வேலூர், திருநெல்வேலிக் கிராமங்களிலும் துக்கத்தை எப்படிக் கழித்தார்கள் என்று ஒருவரும் போய்க் கேட்டு எழுதவில்லை. நம் வரலாற்றுத் துறைகள் செய்யத் தவறிய வேலைகளில் இதைப் பெரியதாகச் சொல்வேன்.

6. சுதந்திர நாட்டில்

1999 கார்கில் போரில்தான் இறந்த வீரர்களின் உடல்களை அவரவர் ஊருக்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது பொது வழக்கமாயிற்று. அதற்கு முன் பெரும்பாலும் போர்முனையிலேயே எரியூட்டல் நடந்தது. வீட்டுக்குத் தந்தியும், பிறகு அவன் உடைமைகளும் வந்தன. 1962 நவம்பர் 18 அன்று லடாக்கின் ரெசாங் லாவில் 13ஆம் குமாவோன் படைப்பிரிவின் ஒரு கம்பெனி ஏறக்குறைய முழுவதும் மடிந்தது. பனி விலகத் தொடங்கிய அடுத்த பிப்ரவரியில்தான் உடல்கள் தெரியவந்தன. துப்பாக்கியைப் பிடித்தபடியே உறைந்திருந்தவர்கள் பலர். அதுவரை அந்த வீடுகள் காத்திருந்தன.

1971 போரில் காணாமல்போய் பாகிஸ்தான் சிறைகளில் இருக்கலாம் என்று நம்பப்பட்ட 54 பேரின் குடும்பங்கள் அதைவிட நெடுங்காலம் காத்தன. 2007இல் உறவினர் சிலர் பாகிஸ்தான் சிறைகளுக்கே நேரில் போய்த் தேடித் திரும்பினார்கள். திதி கொடுப்பதா, வேண்டாமா என்றே தெரியாத வீட்டில் நினைவுகூர்வது எப்படி? கணவன் இறந்துவிட்டான் என்று அரசுத் தாளில் ஒப்புக்கொண்டால்தான் ஓய்வூதியம். ஒப்புக்கொண்டால் தேடும் உரிமை தளர்ந்துபோகும். அந்தப் பெண்கள் இரண்டையும் ஒரே உடம்பில் சுமந்தார்கள்.

பிரிகேடியர் கேத்தர்பாலைப் பற்றியும் சொல்லவேண்டும். அவர் மகன் அருண் 1971 டிசம்பர் 16 அன்று பசந்தர் போரில், எரியும் டாங்கியை விட்டு இறங்க மறுத்து 21 வயதில் இறந்து, பரம் வீர் சக்ரா பெற்றவர். 2001இல் 81 வயதுத் தந்தை, பிரிவினைக்கு முன் தாம் பிறந்த சர்கோதாவைப் பார்க்கப் பாகிஸ்தான் போனார். லாகூரில் ஓய்வுபெற்ற பிரிகேடியர் ஒருவர் மூன்று நாள் தம் வீட்டில் வைத்து அன்போடு உபசரித்தார். கிளம்புவதற்கு முந்தைய இரவு, உங்கள் மகன் என் கையால்தான் இறந்தான் என்று அவர் சொன்னார். தந்தை கேட்டுக்கொண்டிருந்தார். தேசத்தின் மிக உயர்ந்த விருது ஏற்கெனவே அந்த வீட்டில் இருந்தது. ஆனால் மகனுடைய கடைசிக் கணங்கள் எப்படிக் கழிந்தன என்பதை அந்த ஒரு மனிதரால்தான் சொல்ல முடிந்தது. விருதுப் பத்திரம் எவ்வளவு எழுதினாலும் அந்தச் செய்தி எதிரியின் வீட்டில்தான் இருந்தது.

2019 பிப்ரவரி 25 அன்று டெல்லியில் தேசியப் போர் நினைவிடம் திறக்கப்பட்டபோது 25,942 பெயர்கள் கருங்கல்லில் இருந்தன. பெயர்களை எழுதியதற்காக நான் அரசை மனமாரப் பாராட்டுகிறேன். பாஸ்ரா சுவரில் சிப்பாய்கள் எண்ணாக நின்றார்கள்; இங்கே இறந்தவர்களின் வீட்டார் பெயர்களைத் தடவிப் பார்க்க முடிகிறது.

7. நாம் செய்ய வேண்டியது

இங்கே ஆய்வு மாணவர்கள் பலர் இருக்கிறீர்கள். கல்லில் விட்டுப்போன பெயர்கள் வேறிடங்களில் கிடைக்கின்றன. முதல் உலகப் போரில் கொடுத்த வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பில் சிப்பாயின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறிய எழுத்து; வெயிலில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். பல பதக்கங்கள் பஞ்சத்திலும் கல்யாணச் செலவிலும் உருக்கப்பட்டுவிட்டன. மிஞ்சியவை இன்னும் பெட்டியடியில் கிடக்கின்றன. இறந்தவர்களின் வீட்டுக்கு அனுப்பிய, கையகலத்துக்கும் பெரிய வெண்கல வட்டத் தகட்டில் பதவி எதுவும் இல்லாமல் பெயர் மட்டும் புடைத்து நிற்கும். வேலூர் அருகே கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு படைவீரர் உள்ள ஊர்களிலிருந்து தொடங்குங்கள். பதக்கம், தகடு, படைப் பதிவேட்டு அலுவலகக் கடிதம், ஓய்வூதியப் புத்தகம், சுவரில் தொங்கும் படம் எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே படமெடுத்து வந்தால் போதும். பொருளை வீட்டிலிருந்து எடுக்காதீர்கள்.

பிறகு வீட்டிலுள்ள மூத்த பெண்களிடம் உட்காருங்கள். எந்தச் சண்டையில் இறந்தார் என்று கேட்டால் பதில் வராது. அவருக்கு என்ன கறி பிடிக்கும், எந்த மாட்டை அவர் பழக்கினார், யாருக்குக் கடைசியாகக் கடிதம் போட்டார், போகவேண்டாமென்று யார் தடுத்தார்கள், போகச்சொன்னது யார் என்று கேளுங்கள். கடைசி இரண்டு கேள்விகளையும் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். விடை சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தவும் வேண்டாம்.

போர்க் கல்லறை ஆணையம் விடுபட்ட பெயர்களை இன்றும் சேர்த்துக்கொள்கிறது. 1914 ஆகஸ்டு 4 முதல் 1921 ஆகஸ்டு 31 வரை, அல்லது 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை, படைப் பணியில் இருந்தபோது இறந்தார் என்பதற்கு ஆவணச் சான்று வேண்டும். நீங்கள் எடுத்துவரும் படங்களும் ஊர்ப் பிறப்பிறப்புப் பதிவேடும் அருகருகே வைக்கப்பட்டால் பல பெயர்களுக்கு அந்தச் சான்று அமையும் என்று நம்புகிறேன். விண்ணப்பம் எழுதுவதற்கு இந்தத் துறையும் நானும் துணை நிற்போம். இந்த அறக்கட்டளையின் அடுத்த ஆண்டு வருமானத்தை மாணவர்களின் பயணச் செலவுக்கே ஒதுக்குவதாக அம்மையார் இப்போதுதான் எழுதிக் கொடுத்திருக்கிறார். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்புறம் உள்ள பதிவேட்டில் எழுதலாம். முதல் ஊருக்கு வரும் சனிக்கிழமை கிளம்புகிறோம்.